அப்பாவின் டின்னில் கனடா சேபர் நாணயம்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

மலர்_பாகான் (பட்டர்வொர்த்)

வணக்கம். பழைய காசு விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தோழி சொன்னாள். அதனால் கேட்கிறேன்.

அப்பா மலேசிய விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவர். எழுபதுகளில் பட்டர்வொர்த் தளத்தில் வேலை. போன வருடம் தவறிவிட்டார். அவருடைய அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே எல்லாம் போர் விமானம் போட்ட காசுகள். அப்பா இதைச் சேர்த்து வைத்திருந்தது அம்மாவுக்கே சரியாகத் தெரியாது.

முதலாவது, கனடா நாட்டு 20 டாலர், 1997 என்று போட்டிருக்கிறது. ஒரு பக்கம் ராணி. மறுபக்கம் சேபர் என்ற ஜெட் போர் விமானம், கூடவே சின்ன முட்டை வடிவத்துக்குள் ஒருவருடைய முகம், அது மட்டும் தங்க நிறம். கையில் எடுத்தால் நல்ல கனம். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார். உறை பிசுபிசுக்கிறது. காசின் ஓரம் கறுத்துப் போயிருக்கிறது.

அடுத்தது, பிரிட்டனின் 2 பவுண்ட் காசுகள் ஐந்து, அட்டையோடு. 2018. ஒன்றில் சின்னம், மற்றவற்றில் ஸ்பிட்ஃபயர், வல்கன், சீ கிங், லைட்னிங் என்று எழுதியிருக்கிறது.

மூன்றாவது, பெரிய தங்க நிறக் காசு, அதிலும் ஸ்பிட்ஃபயர்தான். எந்த நாடு என்று இல்லை, எவ்வளவு என்றும் இல்லை. கூடவே ஒரு சான்றிதழ் காகிதம்.

அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். ஒரு கடையில் காட்டினோம். கனடா காசுக்கு 20 கனடா டாலரை மாற்றினால் என்ன வருமோ அதைத் தருகிறேன் என்றார்கள். அம்மா, விபூதி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று வந்துவிடும், அப்புறம் கொண்டு போய்க் கேள் என்கிறார். இன்னும் தேய்க்கவில்லை.

இன்னொன்று. அதே டின்னில் 1974 என்று பின்னால் எழுதிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. அப்பா ஒரு ஜெட் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார். விமானத்தின் மூக்கு முழுக்க ஒரே வட்ட வாய். கனடா காசில் இருப்பதும் அதே விமானம்தானா? சின்ன வயதில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு மேலே ஆஸ்திரேலியாக்காரர்களின் மிராஜ் போர் விமானம் போகும்போது கண்ணாடி ஜன்னல் அதிரும், அது நினைவிருக்கிறது. இது மிராஜ் இல்லை என்று மட்டும் தெரிகிறது.


பழையகாசு_செல்வம் (ஜோர்ஜ்டவுன்)

மலர் அக்கா, தேய்க்காமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை. விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். அது புரூஃப் காசு. பின்புலம் கண்ணாடி போல இருக்கும்படி தனியாக மெருகேற்றி அடித்தது. ஒருமுறை தேய்த்தால் மயிரிழைக் கீறல் விழும், அதை யாராலும் எடுக்க முடியாது. அந்த முட்டை வடிவத்தில் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, தேய்த்தால் அதுவும் போய்விடும். ஓரத்துக் கறுப்பு வெள்ளியின் இயல்பு. அதற்காக எந்த சேகரிப்பாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

உறையை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள். பிசுபிசுக்கிறது என்றால் பிவிசி பிளாஸ்டிக். நம் ஊர்ச் சூட்டிலும் கடல் ஈரத்திலும் அது கரைந்து காசின் மேல் பச்சையாகப் படியும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்க வைப்பதே அதுதான். காசை ஓரத்தில் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. 38 மில்லிமீட்டர் அளவுக்குக் கடினமான வட்டக் கேப்சூல் கேட்டு வாங்கி அதில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பச்சைப் பசை ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊற விடலாம். நகப்பூச்சு எடுக்கும் திரவம் அல்ல, அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும். ஊறிய பிறகும் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும்.

விலை விஷயம். கடைக்காரர் சொன்னதை ஏற்காதீர்கள். அந்தக் காசு 31.1 கிராம், 92.5 சதவீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி மட்டும் 28.8 கிராம் அளவுக்கு இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள், 20 கனடா டாலரைவிட நன்றாக மேலே போகும். அதுதான் அடிமட்ட விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2 பவுண்ட் காசுகள் பிரிட்டிஷ் விமானப்படையின் நூற்றாண்டுக்கு வந்தவை. அட்டையில் இருப்பவை சாதாரண உலோகம்தான்: நடுவில் குப்ரோ நிக்கல், சுற்றிலும் நிக்கல் பித்தளை. அட்டையில் வெள்ளி என்று எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு. புழக்கத்துக்கு விடாமல் சேகரிப்பாளர்களுக்கென்றே விற்றார்கள். பெரிய விலை கிடைக்காது, ஆனால் ஐந்தும் சேர்ந்திருப்பது நல்லது, பிரிக்காதீர்கள்.

அந்தத் தங்க நிற ஸ்பிட்ஃபயர் காசே அல்ல, பதக்கம். நாட்டின் பெயர் இல்லை, மதிப்பு இல்லை என்றால் ஏதோ ஒரு தனியார் நிறுவனம் அடித்து விளம்பரம் போட்டு விற்றது. மேலே தங்க முலாம், உள்ளே செம்போ பித்தளையோ. இந்த மாதிரிப் பதக்கங்களை லோரோங் கூலிட் சந்தையில் வெகுளியான ஆட்களிடம் தங்கம் என்று தள்ளிவிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.


தரைக்குழு (கோலாலம்பூர்)

மலர்மா, உங்கள் அப்பா வேலை பார்த்த அதே தளத்தில் நானும் இருந்தவன். சேபரின் கடைசி வருடங்களில் பட்டர்வொர்த், அதற்கப்புறம் குவாந்தானில் தெபுவான் என்ற தாக்குதல் ஜெட். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். செல்வம் தம்பி உலோகத்தையும் விலையையும் சரியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் காசுகளில் இருக்கிற விமானங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் உங்கள் படம். மூக்கு முழுக்க வட்ட வாய் என்றால் பெரும்பாலும் சேபர்தான். ஆஸ்திரேலிய விமானப்படை ஐம்பதுகளின் இறுதியிலேயே சேபர்களைப் பட்டர்வொர்த்துக்குக் கொண்டு வந்தது. அவர்கள் மிராஜுக்கு மாறிய பிறகு, 1969 முதல் சேபர்களை நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நம் விமானப்படை வைத்திருந்த முதல் போர் ஜெட்டுகளில் அவை அடங்கும். அந்த வாய்க்கு முன்னால் எஞ்சின் ஓடும்போது யாரும் நிற்கக் கூடாது. தொப்பி, துணி, ஆள் எதையும் உள்ளே இழுத்துவிடும். புதிதாக வந்த பையன்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அது.

கனடா காசில் இருப்பது கனடேர் நிறுவனம் கட்டிய சேபர். அப்பா பக்கத்தில் நிற்பது ஆஸ்திரேலியா கட்டியதாக இருக்கும். இரண்டும் ஒரே அமெரிக்க வடிவமைப்பிலிருந்து வந்தவை, ஆனால் உள்ளே நிறைய வித்தியாசம். ஆஸ்திரேலியர்கள் ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் எஞ்சினைப் போட்டார்கள், அதற்காக உடலையே திருத்தி அமைத்தார்கள். ஆறு இயந்திரத் துப்பாக்கிகளை எடுத்துவிட்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு வைத்தார்கள். கனடாவில் ஆறு துப்பாக்கி அப்படியே இருந்தது, பிந்திய மாடல்களில் எஞ்சின் ஓரெண்டா. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். படத்தில் மூக்குக்குப் பக்கவாட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று சின்னத் துளைகள் இருந்தால் ஆறு துப்பாக்கி வகை. ஒரே ஒரு பெரிய துளை என்றால் ஆஸ்திரேலியா, அதாவது நம்முடையது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கனடாவின் அந்த 20 டாலர் வரிசை 1990 முதல் 1999 வரை, வருடத்துக்கு இரண்டு காசாக வந்தது. எல்லாம் கனடா விமானங்களின் கதை. நம் ஆட்கள் அதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. 1997-இல் சேபரோடு ஜோடியாக வந்த இன்னொரு காசு எது தெரியுமா? டியூட்டர். இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்காரும் பயிற்சி ஜெட். அதையே இறக்கையின் கீழ் ஆயுதம் மாட்டும் தாக்குதல் விமானமாக மாற்றி, 1967-இல் மலேசியா இருபது வாங்கியது. அதுதான் தெபுவான். ஆகவே 1997-இன் இரண்டு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தெபுவானும் சேபரும், நம் விமானப்படை ஜெட் யுகத்துக்குள் நுழைந்த கதை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. கனடாக்காரர்கள் இதை நினைத்து அடிக்கவில்லை. ஆனால் தெபுவானின் பேனலைக் கழற்றி மாட்டிய எனக்கு அந்த டியூட்டர் காசு வேறு எந்தத் தங்கக் காசையும்விடப் பெரியது. உங்கள் அப்பாவும் இதை நினைத்துத்தான் அந்த சேபரைத் தேடி வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

அந்த வரிசையில் நமக்குத் தெரிந்த முகங்கள் இன்னும் இருக்கின்றன. முதல் வருடத்திலேயே ஹார்வர்ட் வந்தது, 1995-இல் சிப்மங்க். இரண்டும் மலாயாவில் உள்ளூர் இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொண்ட விமானங்கள். 1958 ஜூன் 1 அன்று நம் விமானப்படை பிறந்தபோது கையில் இருந்தவற்றில் சிப்மங்கும் ஒன்று. 1996-இல் வந்த ஏரோ (Arrow) என்ற கனடா போர் விமானத்தின் காசுக்கு நம்மோடு தொடர்பு கிடையாது, ஆனாலும் அதை நான் விடமாட்டேன். 1958 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த விமானம். அடுத்த பிப்ரவரியிலேயே திட்டத்தை ரத்து செய்து, பறந்து கொண்டிருந்த விமானங்களையும் வெட்டிப் போட்டார்கள். வெள்ளியில்தான் இன்று அது முழுசாக இருக்கிறது.

பிரிட்டிஷ் ஐந்துக்கும் வருகிறேன். அதையும் லண்டன் கதை என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் பணிக்குப் பறந்தது எங்கே? இங்கிலாந்தில் அல்ல. 1954 ஏப்ரல் 1, சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்து கிளம்பி ஜொகூர் காட்டைப் படமெடுத்தது, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்த மலாயா அவசரகாலத்தின்போது. வல்கன் குண்டுவீச்சு விமானங்கள் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த கொன்ஃப்ரொன்தாசி நாட்களில் உங்கள் பட்டர்வொர்த்தில்தான் வந்து நின்றன. வயதான பாகான் (பட்டர்வொர்த்) வாசிகள் அந்த முக்கோண இறக்கையை மறந்திருக்க மாட்டார்கள். சீ கிங், நம் விமானப்படையின் நூரி ஹெலிகாப்டருக்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் சிகோர்ஸ்கியின் ஒரே ஹெலிகாப்டர். வெள்ளத்திலும் காட்டிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் நமக்காக ஓடிய நூரியின் சாயலை ஒரு காசில் பார்க்க வேண்டும் என்றால் அந்த 2 பவுண்டை எடுத்துப் பாருங்கள். லைட்னிங் மட்டும் நம்மிடம் இல்லாதது.

பட்டர்வொர்த் என்று சொன்னதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆர்தர் ஸ்கார்ஃப். 1941 டிசம்பர் 9, தளத்திலிருந்து பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பத் தயாரான நேரத்தில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அதற்குள் மேலே ஏறிவிட்டது அவருடைய விமானம் ஒன்றுதான். தனியாகவே தாய்லாந்தின் சிங்கோரா வரை போய்த் தாக்கினார். குண்டடிபட்டு, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கி, கூட வந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை 1946-இல்தான் அறிவித்தார்கள். அவருடைய பிளென்ஹைமைப் பட்டர்வொர்த் பெயரோடு யாராவது காசில் அடித்தால் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

விற்பது உங்கள் குடும்ப விஷயம். என்னைக் கேட்டால் பதக்கத்தைக்கூட விற்க வேண்டாம். விலை இல்லாவிட்டாலும் அது அப்பாவின் தேர்வு.


செந்தூல்_நந்தினி (கோலாலம்பூர்)

செல்வம் அண்ணன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். மதிப்பு எழுதாத எல்லாமே பதக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் வீடுகளில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் சவரனில் எங்கேயாவது ஒரு பவுண்ட் என்று எழுதியிருக்கிறதா? தலையும் குதிரைவீரனும் வருடமும்தான். ஆனாலும் அது சட்டப்படி காசு. ஆகவே மதிப்பு எழுதியிருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்த நாட்டு அரசின் பெயரில் வெளிவந்தது, காசுப் பட்டியல் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலர் அக்காவின் ஸ்பிட்ஃபயரில் ராணியும் இல்லை, நாடும் இல்லை, அதனால் அது பதக்கம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இதற்கு நேர் எதிரான வகையும் உண்டு. மார்ஷல் தீவுகள் 1990களின் தொடக்கத்தில் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் போட்டு நிறைய அடித்தது. பித்தளையில் பத்து டாலர், வெள்ளியில் ஐம்பது டாலர். நாட்டின் பெயரும் மதிப்பும் பெரிதாக இருக்கும். பத்து டாலர் என்பதைப் பார்த்து அமெரிக்கப் பத்து டாலருக்கு மாற்றிக் கொடுப்பார்கள் என்று நினைத்து இங்கே ஒரு பெரியவர் பணம் மாற்றும் கடை கடையாக அலைந்தார். யாரும் வாங்கவில்லை. உலோகமும் விருப்பமும்தான் அந்தக் காசுக்கு விலை வைக்கின்றன, மேலே எழுதிய எண் இல்லை.

நான் நகைக்கடையில் வேலை செய்கிறேன். கனடா காசு உண்மையான வெள்ளியா என்று சந்தேகம் வந்தால் உரசிப் பார்க்க விடாதீர்கள், சில இடங்களில் கேட்காமலே கல்லில் தேய்த்துவிடுவார்கள். தராசில் 31.1 கிராம் காட்ட வேண்டும், காந்தம் ஒட்டக்கூடாது. இப்போது பல கடைகளில் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது, காசுக்குச் சேதம் இல்லாமல் உலோகத்தைச் சொல்லிவிடும். தங்க முகத்தின் மேல் வைக்காமல் வெறும் வெள்ளிப் பகுதியில் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தங்கம் என்று காட்டி எல்லாரையும் குழப்பும்.


பழையகாசு_செல்வம் (ஜோர்ஜ்டவுன்)

நந்தினி சொன்ன சவரன் விஷயம் சரி, புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தரைக்குழு ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் ஆல்பத்தைப் பிரித்தேன். டியூட்டர் என்னிடம் இரண்டு இருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தெபுவானோடு சேர்த்து நினைத்ததே இல்லை. கனடா வரிசையில் ஆரம்ப வருடக் காசுகள் அதிகம் விற்றன, பிந்திய வருடங்கள் குறைவு என்பது மட்டும்தான் என் கணக்கில் இருந்தது.

செலவில்லாமல் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்கா 2021-இல் புழக்கத்துக்கு விட்ட 25 சென்ட் காசில் டஸ்கிகி கறுப்பின விமானிகளுக்காக ஒரு வடிவம் இருக்கிறது. விமானி ஒருவர், மேலே இரண்டு மஸ்டாங் போர் விமானங்கள். அமெரிக்கா போய் வரும் உறவினர்களின் சில்லறையைக் கிளறினாலே கிடைக்கும்.


மலர்_பாகான் (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விபூதித் தட்டு பூஜை அறைக்கே திரும்பிவிட்டது.

லெபோ பாசாரில் தெரிந்த நகைக்கடையில் எடை பார்த்தேன்: 31.1 கிராம், காந்தம் ஒட்டவில்லை. மெஷினில் பார்த்தபோது 92.5-க்குப் பக்கத்தில் காட்டியது. கேப்சூலும் வாங்கிவிட்டேன்.

படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து பார்த்தோம். மூக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய துளைதான், தரைக்குழு ஐயா. நம்முடையதுதான். அண்ணன் அதைப் பார்த்த பிறகு விற்கும் பேச்சை எடுக்கவில்லை. படத்தைத் தனக்கும் ஒரு பிரதி போடச் சொன்னார்.

அம்மா ஒன்று சொன்னார். அப்பா கொஞ்ச காலம் குவாந்தானுக்கும் மாற்றலாகிப் போயிருந்தாராம், அம்மா அப்போது தாய் வீட்டில். அப்படியென்றால் தெபுவானையும் அவர் தொட்டிருப்பாரோ? ஐயா, உங்களுக்கு அந்த நாட்களின் ஆட்களை நினைவிருந்தால் தனிச் செய்தி அனுப்புகிறேன், அப்பாவின் பெயரும் படமும் காட்டலாம்.

செல்வம் தம்பி, உங்களிடம் இருக்கும் இரண்டாவது டியூட்டரைக் கொடுப்பீர்களா? என்ன விலை?


தரைக்குழு (கோலாலம்பூர்)

உடனே அனுப்புங்கள் மலர்மா. குவாந்தான் ஹேங்கரில் எடுத்த குழுப் படங்கள் என்னிடம் சில இருக்கின்றன. பெயர்களைப் படத்தின் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன், தேடிப் பார்க்கிறேன்.


பழையகாசு_செல்வம் (ஜோர்ஜ்டவுன்)

அக்கா, கொடுக்கிறேன். அன்றைய வெள்ளி விலை எவ்வளவோ அவ்வளவு, மேலே ஒரு காசும் வேண்டாம். மூலப் பெட்டியும் சான்றிதழும் இருக்கிறது, தங்க முகத்தில் கீறல் இல்லை. ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தைக்கு வருவேன். பெர்ரியில் வந்தால் இறங்கியதும் போன் பண்ணுங்கள், நானே வந்து அழைத்துப் போகிறேன். பூதக்கண்ணாடியும் சின்னத் தராசும் கொண்டு வருகிறேன், வாங்குவதற்கு முன் நீங்களே எடை போட்டுப் பாருங்கள். முடிந்தால் அந்தப் படத்தின் பிரதியையும் எடுத்து வாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.